தெருவே பேதியில படுத்திருக்கு, யாரைக் கேட்குறது?

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"சார், எங்களோடது நகராட்சி ஏரியா, தெருவுல மொத்தம் 46 வீடு. ஆடி கடைசி வெள்ளிக்கு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துனாங்க, அதுக்கு மறுநாள்ல இருந்து ஒவ்வொரு வீடா வாந்தி பேதி. 11 நாளாச்சு, 19 வீட்டுல 31 பேர், ரெண்டு பேர் ஜி.ஹெச்ல அட்மிட். தெரு முனையில அவ்வளவா இல்ல, டீக்கடை தாண்டித்தான் ஜாஸ்தி. கூழ்தான் காரணம்னு பாதி பேர் சொல்றாங்க, தெருக்கோடியில ரூம் எடுத்து தங்கியிருக்குற வடக்கத்திப் பசங்கதான்னு மீதி பேர், காலி பண்ணச் சொல்லி ஹவுஸ் ஓனரோட ஒரே சண்டை. கிளினிக்ல ஃபுட் பாய்சன்னு சொல்லி ஊசியும் ட்ரிப்ஸும் போட்டு அனுப்பிடுறாங்க. எல்லாருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுத்துடலாமான்னு வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு. நகராட்சியில சொன்னா தெருவை அடைச்சுடுவாங்கன்னு கடைக்காரங்க பயப்படுறாங்க. டேங்க்ல ப்ளீச்சிங் போட்டாச்சுன்னு தண்ணி விடுறவர் சொல்றாரு, அதனால தண்ணி ஓகேதான். போன மாசம் கேபிளுக்கு ரோட்டைத் தோண்டுனதுல இருந்து காலையில முதல் குடம் மட்டும் லேசா கலங்கலா வருது, அப்புறம் தெளிஞ்சுடுது. நான் நலச்சங்க செயலாளர். என் தங்கச்சி 7 மாச கர்ப்பமா எங்க வீட்டுலதான் இருக்கா. நான் இப்போ என்ன பண்ணட்டும்?"

வணக்கம்மா.

நான் டாக்டர் இல்ல, சுகாதார ஆய்வாளரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன், வேலைக்காலம் முழுக்க அடுத்தவங்க வீட்டு சம்ப்பையும் சாக்கடையையும் எட்டிப் பார்த்தவன், அதனால அந்தக் கண்ணுலதான் உங்க கடிதத்தையும் படிச்சேன். கூழ், வடக்கத்திப் பசங்க, ஆன்டிபயாடிக்னு இவ்வளவு எழுதிட்டு கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, ரோட்டைத் தோண்டுனதுல இருந்து முதல் குடம் கலங்கலா வருதுன்னு, எனக்கு அந்த ஒரு வரி போதும். டேங்க்ல ப்ளீச்சிங் போட்டா தண்ணி ஓகேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, அங்கதான் தப்பு. டேங்க் வேற, உங்க குழாய் வேற. நடுவுல எத்தனை நூறு அடி பைப்பு மண்ணுக்குள்ள கிடக்கு.

நம்ம ஊர்ல 24 மணி நேரமுமா தண்ணி வருது? ஒரு மணி நேரம் விடுவாங்க, மூடுவாங்க. தண்ணி ஓடும்போது பைப்புக்குள்ள அழுத்தம் இருக்கும், ஜாயின்ட்ல விரிசல் இருந்தா தண்ணி வெளியில கசியும், அதோட சரி. வால்வை மூடுன உடனே அழுத்தம் இறங்கிடும், அதே விரிசல் வழியா வெளியில இருக்குற சாக்கடை உள்ள வரும். மறுநாள் காலையில தண்ணி திறந்ததும் ராத்திரி முழுக்க உள்ள ஊறுனதுதான் முதல் குடத்துல வரும். அந்த முதல் குடத்தை யார் பிடிப்பா? மோட்டார் இல்லாத வீடு, காலையில முதல்ல எந்திரிச்சு குடம் வைக்கிற வீடு. இதுல இன்னொரு கூத்து, வீட்டு கனெக்‌ஷன்ல நேரடியா மோட்டாரை மாட்டி உறிஞ்சுறது, ரெண்டு பக்கமும் நாலு வீடு உறிஞ்சுனா தண்ணி ஓடுற நேரத்துலயே பைப்புக்குள்ள வெற்றிடம் மாதிரி ஆகி சாக்கடையை ஸ்ட்ரா போட்டு இழுக்குற கதைதான். உங்க வீட்டுல அப்படி ஒரு மோட்டார் இருந்தா முதல்ல அதைக் கழட்டுங்க, அப்புறமா மத்தவங்களுக்குச் சொல்லுங்க. செயலாளர் வீட்டு மோட்டார் ஓடுற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

ஒரு தடவை நானே ஏமாந்திருக்கேன். சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல ஒரு ஊர்ல இதே மாதிரி, நானும் டேங்க்ல ஏறி ப்ளீச்சிங் கரைச்சு ஊத்திட்டு, டேங்க் அடியில இருக்குற குழாய்ல சொட்டு மருந்து விட்டு குளோரின் பார்த்தேன், குளோரின் இருந்தா தண்ணி மஞ்சளாகும், மஞ்சளா நல்லா வந்துச்சு, பயப்படாம குடிங்கன்னு மைக் போட்டுச் சொல்லிட்டேன். அடுத்த நாலு நாள்ல இன்னும் ஒன்பது பேர். எனக்கு மேல இருந்தவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "கடைசி வீட்டுல பார்த்தியாய்யா?" பார்க்கல. கடைசி வீட்டுக் குழாய்ல பிடிச்சுப் பார்த்தா ரெண்டு சொட்டு மருந்து விட்டும் தண்ணி வெள்ளையாவே நிக்குது, குளோரின் சுத்தமா இல்ல. உள்ள வந்த சாக்கடையை அடிக்கிறதுலயே அத்தனை குளோரினும் தீர்ந்து போயிருக்கு. வழியெல்லாம் பார்த்துக்கிட்டே வந்தா ஒரு கல்வெர்ட்டுக்கு அடியில குடிதண்ணி பைப்பு சாக்கடைக்குள்ளயே முழுகிக் கிடக்கு. தோண்டி சாக்கடைத் தண்ணியை இறைச்சுட்டுப் பார்த்தா ஜாயின்ட்ல ரப்பர் வளையம் நைஞ்சு விரல் நுழையுற இடைவெளி. ஃபிட்டர் வால்வை மூடச் சொன்னாரு, மூடுன கொஞ்ச நேரத்துல சுத்தி தேங்குன கறுப்புத் தண்ணி களக் களக்னு அதுக்குள்ள போகுது. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் நான் எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல கடைசி வீட்டுக்குத்தான் போவேன்.

சரி, நீங்க பண்ண வேண்டியது. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. இப்போதைக்கு உங்க தெருவுக்கு மாத்திரை மருந்தைவிட அதுதான் அவசரம். 46 வீட்டுக்கும் போகணும், நோய் வராத வீட்டுக்கும் போகணும், அதை யாரும் பண்ண மாட்டாங்க, ஆனா வராத வீடுதான் விஷயத்தைச் சொல்லும். வீட்டு நம்பர், எத்தனை பேர், யாருக்கு எந்த தேதியில எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, வயசு, வாந்தியா பேதியா ரெண்டுமா, ரத்தம் சளி போச்சா, காய்ச்சல் இருந்துச்சா, குடிக்கிற தண்ணி குழாயா கேனா போரா, காய்ச்சிக் குடிப்பாங்களா, மோட்டார் இருக்கா, கூழ் குடிச்சாங்களா. அவ்வளவுதான். பேரை குரூப்ல போட்டுடாதீங்க, நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு பக்கத்துல தேதியை வரிசையா எழுதி, அந்தந்த தேதிக்கு மேல ஆளுக்கு ஒரு புள்ளி வைங்க, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. கூழால வந்ததுன்னா புள்ளியெல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்ல கும்பலா ஏறி அப்படியே அடங்கிடும், கூழ் குடிக்காதவங்க தப்பிச்சிருப்பாங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா 11 நாளா தினமும் ரெண்டு மூணு பேர்னு வந்துக்கிட்டே இருக்கு, 11 நாளா யாரும் அதே கூழைக் குடிக்கல, தினமும் குடிச்சது தண்ணியைத்தான். அந்தக் கூழே இந்தத் தண்ணியில காய்ச்சி ஆற வச்சு, மேல இந்தத் தண்ணியையே ஊத்திக் கரைச்சதா இருக்கலாம், அதையும் கேட்டு எழுதுங்க. இன்னொரு பக்கத்துல தெருவை வரைஞ்சு நோய் வந்த வீட்டுக்கு ஒரு கட்டம் கறுப்படிங்க. டீக்கடை தாண்டி கறுப்பாவும் இந்தப் பக்கம் வெள்ளையாவும் வந்துச்சுன்னா, கேபிளுக்குத் தோண்டுன குழி டீக்கடை பக்கத்துலதான் இருக்கான்னு போய்ப் பாருங்க. எனக்கென்னவோ இருக்கும்னுதான் தோணுது.

அந்த வடக்கத்திப் பசங்க விஷயம். அவங்க வீடு தெருக்கோடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கோடி வீட்டுக்குத்தான் அழுத்தம் கம்மி, குளோரினும் கம்மி, விரிசலுக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்குத்தான் அழுக்கு முழுசா போகும். அவங்களுக்குத்தான் முதல்ல வந்துச்சுன்னா அவங்க கொண்டு வந்தாங்கன்னு அர்த்தமில்ல, அவங்கதான் முதல்ல மாட்டுனவங்கன்னு கூட அர்த்தம் இருக்கலாம். அவங்க ரூமுக்கும் நோட்டோட போங்க, ஹிந்தி தெரிஞ்ச ஸ்கூல் பசங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க, அவங்கள்ல எத்தனை பேர் படுத்திருக்காங்கன்னு இதுவரைக்கும் தெருவுல யாராவது கேட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். காலி பண்ண வச்சா அவங்க இன்னொரு தெருவுக்குப் போவாங்க, பைப்பு உங்க தெருவுலயேதான் கிடக்கும்.

யார்கிட்ட சொல்றதுன்னா, நாளைக்கு காலையிலயே உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மெடிக்கல் ஆபீசர்கிட்ட நோட்டோட நேர்ல போங்க. வாயால "சார் தெருவுல நிறைய பேருக்கு பேதி"ன்னு சொன்னா "பார்க்கச் சொல்றேன்"னு ஒரு பதில் வரும், 31 பேர் தேதி வாரியா வீடு வாரியா எழுதி மேஜை மேல வச்சா அதை அவங்க மேல அனுப்பாம இருக்க முடியாது. நகராட்சியில நகர்நல அலுவலருக்கும் இன்ஜினியர் செக்‌ஷனுக்கும் ஒரே நாள்ல மனு குடுங்க, ஏன்னா சுகாதாரத்துக்காரங்க பைப்பைத் தோண்ட முடியாது, தோண்டுறவங்களுக்கு பேதி கணக்கு தெரியாது, ரெண்டு பேரையும் ஒரே குழிகிட்ட கொண்டு வந்து நிறுத்துறதுதான் பாதி வேலை. யாரும் அசையலைன்னா 104-க்கு, அதாவது அரசு சுகாதார ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணுங்க. மனுவுக்கு நம்பர் வாங்காம வராதீங்க.

அடைச்சுடுவாங்கன்னு கடைக்காரங்க பயப்படுறதுல அர்த்தமே இல்ல. இது காத்துல பரவுற வியாதி கிடையாது, தெருவை அடைச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. 1939-லயே நம்ம மாகாணத்துக்குன்னு பொது சுகாதாரச் சட்டம் வந்தாச்சு, அந்தச் சட்டப்படி அவங்க செய்யக்கூடியது கெட்ட தண்ணியை நிறுத்துறது, லாரி தண்ணி விடுறது, ஆறிப்போன பண்டம் விக்கிறதைத் தடுக்குறது மாதிரிதான். சொல்லாம மறைச்சாத்தான் பெரிசாகும். 2022 ஜூலையில காரைக்கால்ல என்ன ஆச்சு, நூத்துக்கணக்கான பேர் வயித்துப்போக்குல ஆஸ்பத்திரிக்குப் போய், காலராவும் இருக்குன்னு தெரிஞ்சு, பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சு பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட வேண்டியதாப் போச்சு. ஒரு தெருவுல இருக்கும்போது சொன்னா ஒரு குழியோட முடியும். இதுல ஒண்ணு சொல்லிடறேன், எந்த ஆபீஸ்லயும் "காலரா"ங்குற வார்த்தையை முதல் நாள்ல யாரும் சொல்ல மாட்டாங்க, "கடுமையான வயிற்றுப்போக்கு"ன்னுதான் எழுதுவாங்க, அதுக்காக சண்டைக்குப் போகாதீங்க, பேரு எதுவா இருந்தாலும் தோண்ட வேண்டிய இடம் ஒண்ணுதான்.

சாம்பிள் எடுக்க வரும்போது நீங்க பக்கத்துல நிக்கணும், இது முக்கியம். பெரும்பாலும் என்ன நடக்கும்னா, புகார் வந்த உடனே பயத்துல டேங்க்ல ப்ளீச்சிங்கை அள்ளிக் கொட்டிடுவாங்க, மறுநாள் மதியம் வந்து தண்ணி நல்லா ஓடி முடிஞ்ச பிறகு தெரு முனைக் குழாய்ல சாம்பிள் எடுப்பாங்க, ரிசல்ட் "குடிக்க உகந்தது"ன்னு வரும். பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. தண்ணி விடுற நேரத்துக்கு வரச் சொல்லுங்க, முதல் அஞ்சு நிமிஷத் தண்ணியில ஒண்ணு, கடைசி வீட்டுல ஒண்ணு, டேங்க்ல ஒண்ணுன்னு எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடியே நீங்க பார்க்கணும்னா ஹெச்2எஸ் பாட்டில்னு ஒண்ணு இருக்கு, கோடு வரைக்கும் தண்ணியைப் பிடிச்சு மூடி வெயில் படாம வீட்டுலயே வச்சா போதும், ஒரு நாள் ரெண்டு நாள்ல தண்ணி கறுப்பாச்சுன்னா மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம்னு அர்த்தம். சுகாதார நிலையத்துல கேளுங்க. டேங்க் பாட்டில் தெளிவாவும் கடைசி வீட்டு பாட்டில் கறுப்பாவும் பக்கத்துல பக்கத்துல இருக்குற ஒரு போட்டோ, பத்து மனுவுக்குச் சமம். குளோரின் பார்க்குற பெட்டியையும் கொண்டு வரச் சொல்லுங்க, சாதாரண நாள்லயே கடைசிக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும், இந்த மாதிரி நேரத்துல 0.5 இருக்கணும்.

ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் குடுக்குற வேலை வேண்டவே வேண்டாம்மா. நோய் வராதவனுக்கு அது ஒண்ணும் பண்ணாது, நாளைக்கு அதே தண்ணியைக் குடிச்சா நாளைக்கே வரும், போதாததுக்கு மருந்துக்கு மசியாத கிருமியையும் வளர்த்து விடுவோம். இன்னொண்ணு, மாத்திரை போட்ட பிறகு மலம் டெஸ்ட் பண்ணா என்ன கிருமின்னே தெரியாமப் போக வாய்ப்பு ஜாஸ்தி. புதுசா ஆரம்பிக்கிற ரெண்டு மூணு பேர்கிட்ட மருந்துக்கு முன்னாடியே சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. 1992 கடைசியில உலகத்துக்கே புதுசா ஓ139-னு ஒரு காலரா வகை நம்ம மெட்ராஸ்லதான் முதல்ல தெரிய வந்துச்சு, வழக்கமான காலரா டெஸ்ட்ல சேராம நின்ன சாம்பிளை தூக்கிப் போடாம மேல மேல பார்த்ததாலதான்.

ட்ரிப்ஸ் பத்தி. வாந்தி நிக்காம குடிக்கவே முடியாதவங்களுக்கும் துவண்டு கிடக்குறவங்களுக்கும்தான் அது கட்டாயம். மத்தவங்களுக்கு ஓ.ஆர்.எஸ். போதும். 1971-ல வங்காளதேச அகதிகள் முகாம்ல, போன்காவ்ங்குற இடத்துல, காலராவுல நூத்துக்கு 30 பேர் செத்துக்கிட்டு இருந்தப்போ ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போய் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல ஊத்தி வச்சு சொந்தக்காரங்களையே குடுக்கச் சொன்னாரு, சாவு நூத்துக்கு 4-க்கும் கீழ வந்துச்சு. அந்தத் தண்ணிதான் இன்னைக்கு நம்ம பாக்கெட்டுல இருக்கு. பெரிய பாக்கெட்டுன்னா முழுசா ஒரு லிட்டர் தண்ணியில, பாதி பாக்கெட் ஒரு டம்ளர்னு கண்ணளவு வேண்டாம். காய்ச்சி ஆறுன தண்ணியில கலக்குங்க, 24 மணி நேரம் தாண்டுனா கொட்டிடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு, ஒரு லிட்டருக்கு மட்டமா 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில ஓ.ஆர்.எஸ்னு பேரைப் போட்டு ஜூஸ் டப்பா வித்தாங்களே, அது சர்க்கரைத் தண்ணி, பேதியை இன்னும் கூட்டும், 2025 அக்டோபர்லதான் அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு தடை வந்துச்சு, பழைய ஸ்டாக் அலமாரியில இருந்தா எடுத்துத் தூரப் போடுங்க. குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரையும் சேர்த்து 14 நாள், சுகாதார நிலையத்துலயே குடுப்பாங்க, பேதி நின்னாலும் முழுசா குடுக்கணும். பேதியை டக்னு நிறுத்துற மாத்திரையை மட்டும் குழந்தைக்குக் குடுத்துடாதீங்க. கண்ணு உள்ள போயிடுச்சு, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா இறங்குது, கூப்பிட்டா சரியா முழிக்கல, மலத்துல ரத்தம், இதுல ஒண்ணு இருந்தாலும் 108, யோசிக்காதீங்க.

பைப்பு சரியாகுற வரைக்கும் குடிக்க, பல் விளக்க, பாத்திரம் கடைசியா அலச எல்லாத்துக்கும் காய்ச்சுன தண்ணிதான். கொப்புளிச்சு கொதிக்க ஆரம்பிச்ச பிறகு ஒரு நிமிஷம், அவ்வளவு போதும், கேஸை வீணாக்காதீங்க. சூடு பண்ணி வெதுவெதுன்னு குடிக்கிறது காய்ச்சுனதா ஆகாது. சம்ப் இருக்குற வீட்டுல ஒருக்கா காலி பண்ணி தேச்சுக் கழுவிட்டு, 1000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர்னு மளிகைக்கடை தராசுல நிறுத்து, முதல்ல குழம்பு மாதிரி கரைச்சு அப்புறம் ஒரு வாளித் தண்ணியில கலக்கி பத்து நிமிஷம் படிய விட்டு, மேலாப்புல இருக்குற தெளிவை மட்டும் ஊத்துங்க, ஒரு மணி நேரம் கழிச்சுப் பயன்படுத்தலாம். மூட்டை பிரிச்சு ஈரத்துல கிடந்த பவுடர் வேண்டாம், வாசமே இல்லாம சுண்ணாம்பு மாதிரி இருந்தா அது சுண்ணாம்புதான். கக்கூஸ் கழுவ ஆசிட் ஊத்துற வீட்டுல அது மேலயே ப்ளீச்சிங்கைப் போட்டுடாதீங்க, விஷவாயு வரும். அப்புறம் நகராட்சிக்காரங்க ரோட்டோரமா ரெண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடர்ல வெள்ளைக் கோடு போட்டு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க, போகட்டும், அதுக்குக் கைதட்டிட்டு அந்த மூட்டையில மிச்சம் இருந்தா கக்கூஸுக்குக் கேட்டு வாங்கி வைங்க.

இப்போ தங்கச்சி விஷயம், இதைத்தான் கடைசியில வச்சிருந்தேன். பேதி கிருமி வந்த வழியில மஞ்சள் காமாலையும் வரும், ஆனா லேட்டா. காலரா மாதிரின்னா சில மணி நேரத்துல இருந்து அஞ்சு நாளைக்குள்ள தெரிஞ்சுடும், டைஃபாய்டுக்கு ஒண்ணு ரெண்டு மூணு வாரம் ஆகலாம், தண்ணியால வர்ற காமாலை ரெண்டு வாரத்துல இருந்து ரெண்டு மாசம் வரைக்கும் கூட உள்ள ஒளிஞ்சிருக்கும். 1955 கடைசியில டெல்லியில யமுனை வெள்ளத்துக்கப்புறம் குடிதண்ணி எடுக்குற இடத்துல சாக்கடை கலந்துச்சு, சுதாரிச்சு குளோரினைக் கூட்டிப் போட்டாங்க, டைஃபாய்டு மாதிரி கிருமி வியாதி பெரிசா ஏறல, ஆனா டிசம்பர், ஜனவரியில 29,000 பேருக்கு மேல காமாலை. ஹெபடைட்டிஸ் ஈ-ன்னு பின்னால தெரிஞ்ச வைரஸ் அது. மத்தவங்களுக்கு அது பெரும்பாலும் தானாவே சரியாயிடும், கடைசி மாசங்கள்ல இருக்குற கர்ப்பிணிக்கு மட்டும் உயிருக்கே ஆபத்தாகலாம், நூத்துக்கு 20 பேருக்கு மேல கூட இறந்த சம்பவங்கள் உண்டு. பயமுறுத்தச் சொல்லல. முடிஞ்சா தங்கச்சியை இன்னைக்கே வேற ஏரியாவுல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்புங்க, இல்லைன்னா அவங்களுக்குன்னு தனிப் பானையில காய்ச்சுன தண்ணி, அவங்களுக்குச் சமைக்கிறவங்க சோப்புப் போட்டு கை கழுவணும். செக்கப்புக்குப் போகும்போது தெருவுல இப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள சாப்பாடு பிடிக்கல, குமட்டுது, ஒண்ணுக்கு மஞ்சளா போகுதுன்னு சொன்னா மசக்கைன்னு விட்டுடாம, கீழாநெல்லியும் தேடிப் போகாம, அன்னைக்கே ரத்தம் டெஸ்ட். தெருவுல வேற ஒரு கர்ப்பிணி இருந்தாலும் இதேதான், நோட்டுல அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கோங்க.

அதனால பேதி நின்ன உடனே நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க. பைப்பு மாத்துன தேதியை அதுல எழுதி, அதுக்கப்புறம் பத்து நாள் புது ஆள் யாரும் விழலைன்னா பேதிக்கு மட்டும் கோடு போட்டுக்கலாம், காமாலைக்கு ரெண்டு மாசம் வாரம் ஒருக்கா ஒரு ரவுண்டு போய்க் கேட்டுட்டு வாங்க.

கடிதத்துல ஒண்ணு விட்டுட்டீங்க, தண்ணி எத்தனை மணிக்கு விடுறாங்க எத்தனை மணிக்கு மூடுறாங்கன்னு. தண்ணி விடுறவர்கிட்டயே கேட்டு எழுதுங்க, அவரைக் குத்தவாளி மாதிரி நிக்க வைக்காம டீ வாங்கிக் குடுத்துக் கேளுங்க, எந்த இடத்துல பைப்பு சாக்கடைக்குள்ள போகுதுன்னு இன்ஜினியருக்குத் தெரியாதது கூட அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ரெண்டு பக்கத்தையும், புள்ளி வச்ச பக்கத்தையும் கறுப்படிச்ச பக்கத்தையும், வீட்டு நம்பர் மட்டும் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டு எந்த இடத்துல முதல்ல தோண்டச் சொல்லலாம்னு எழுதுறேன்.